ஹுணுகலைப் பாலத்துக்கு எத்தனை வயது

வீதிகளையும் பாலங்களையும் பராமரிக்கிற மாத்தளைக் கந்தோரில் றிஸ்மியா இருபத்து மூன்று வருஷமாகத் தொழில்நுட்ப உத்தியோகத்தர். அவளுக்குப் பாலம் என்றால் பெயர் கிடையாது, நம்பர்தான். பதினாலாவது கிலோமீட்டரில் மூன்றாவதாக வருகிற பாலம் என்றால் 14/3. எங்கே கீறல், எங்கே கல் கழன்றிருக்கிறது, மழைக்கு முன் எதைப் பூச வேண்டும் என்பதெல்லாம் அந்த நம்பரோடு சேர்ந்து அவள் தலைக்குள் கிடக்கும். கலியாண வீட்டில் யாராவது "எந்தப் பக்கத்தால வந்தீங்க?" என்று கேட்டால், "6/2 தாண்டி வந்தோம்" என்று வாய் தவறிச் சொல்லிவிடுவாள். டவுனில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற அவள் கணவன் அன்ஸாப் இதைச் சொல்லிச் சொல்லியே சொந்தக்காரர்களைச் சிரிக்க வைப்பார்.

போன நவம்பர் வெள்ளத்தில் மாவட்டத்தில் பல பாலங்கள் அடிபட்டுப் போயின. எல்லாவற்றையும் கொங்கிறீட்டில் புதிதாகக் கட்டிவிடலாம் என்று பேச்சு நடந்தபோது, பழையவற்றில் எதை வைத்துக்கொள்வது என்று முதலில் பார்க்க வேண்டும் என்று கொழும்பிலிருந்து ஒரு குழு சொன்னது. ஆளுக்கொரு கட்டுப் படிவம் வந்தது. ஒரு பாலத்துக்குப் பன்னிரண்டு பக்கம். அளந்து, படம் எடுத்து, கடைசியில் நூற்றுக்கு எத்தனை புள்ளி என்று போட வேண்டும். அறுபது எடுத்தால் பாதுகாக்கும் பட்டியல். அதற்குக் கீழே என்றால் உடைக்கலாம்.

றிஸ்மியாவுக்குப் படிவத்தின் பாதி விளங்கியது. விரிசலின் அகலம், கல்லின் நிலை, இரும்பின் துரு, இதெல்லாம் தினசரி வேலை. மற்றப் பாதியை வாசிக்க வாசிக்கத் தலை சுற்றியது. 'அமைப்பின் அருமை' என்று ஒரு கட்டம். 'மூலத் தன்மை மாறாதிருத்தல்' என்று இன்னொன்று. 'சுற்றுப்புறத்தோடு இசைவு' என்ற கட்டத்துக்குப் பத்துப் புள்ளி.

யட்டவத்தையிலிருந்து உள்ளே போகிற வீதியில், ஹுணுகல ஓயா என்கிற ஆற்றின் மேலே இருக்கிற 14/3இன் கைப்பிடியில் படிவத்தை விரித்துக்கொண்டு நின்றவள், கூட வந்த றெக்சனிடமே கேட்டாள். றெக்சன் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர். கந்தோரில் பதினைந்து வருஷமாகக் களத் தொழிலாளி.

"றெக்சன், இந்த ஓயாவுக்கு இந்தப் பாலம் பொருந்துதா?"

அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்த றெக்சன் கீழே தண்ணீரைப் பார்த்தார். "பொருந்தாட்டி போன வெள்ளத்துலயே போயிருக்குமே மிஸ்."

அவள் ஏழு புள்ளி போட்டாள். எட்டும் போட்டிருக்கலாம்.

பாலம் பார்க்க லட்சணமானதுதான். இரண்டு கரையிலும் செதுக்கிய கருங்கல் கட்டு. அதன்மேல் ரிவெட் ஆணி அடித்த நான்கு இரும்பு உத்திரங்கள், கந்தோர் பேச்சில் கேடர்கள். பச்சைப் பெயின்ட் உரிந்து தொங்கும் கைப்பிடி. நடுவில் தடித்த வார்ப்பிரும்புத் தகடு ஒன்று, அதில் புடைத்து நிற்கிற எழுத்தில் 1887. அந்த வருஷத்துக்கே படிவம் இருபத்தைந்து புள்ளியை அள்ளிக் கொடுத்தது. கூட்டிப் பார்த்தால் அறுபத்தெட்டு. பட்டியலில் ஏறிவிட்டது.

மனதில் தங்கின சந்தேகம் ஒன்றே ஒன்று. தகட்டைப் பிடித்திருந்தது நான்கு போல்ட். ஆனால் கைப்பிடித் தூணில் ஆறு ஓட்டை இருந்தது. தகட்டின் ஓரத்துக்கு வெளியே இரண்டு ஓட்டை சும்மா, பெயின்ட் அடைத்துக் கிடந்தது. குறிப்பு என்ற இடத்தில் 'இரண்டு வெற்று ஓட்டை' என்று எழுதிவிட்டுப் படிவத்தை மூடினாள்.

பாலத்தடியில் ஒரு தேத்தண்ணிக் கடை. பலகையில் '1887 ஹோட்டல்' என்று எழுதியிருக்கும். நடத்துகிற மஹ்ரூப் நானாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. இந்த ஊரிலேயே ஏழெட்டுத் தலைமுறையாக இருக்கிற குடும்பம். இரண்டு பேருக்கும் பிளேன்டீ ஊற்றி, ரொட்டியும் வைத்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினார். 2012ஆம் வருஷம் பாலத்துக்கு நூற்றிருபத்தைந்து வயசு என்று ஊரே கூடிக் கொண்டாடின படம். மூவினத்துப் பிள்ளைகளும் கொடி பிடித்து நிற்கிறார்கள். அக்கரைப் பள்ளிக்கூடத்தின் இலச்சினையிலும் இந்தப் பாலமும் வருஷமும்தான்.

"இத ஒடைக்கப் போறதா செல்றாங்களே, மெய்யா?"

"இல்ல நானா. இது தப்பிடும் போலதான் தெரியுது."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று மஹ்ரூப் ரொட்டிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

வெளியே வந்தால், அக்கரையிலிருந்து தலையில் விறகோடு ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். தோட்டத்தில் கொழுந்தெடுக்கிற மார்ஜரி. றெக்சனுக்குத் தூரத்துச் சொந்தம். விஷயத்தைக் கேட்டதும் விறகை இறக்கி வைத்துவிட்டாள்.

"தப்பிடுமா? நாங்க இது விழணும்னு அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திக்கிட்டு இருக்கோம் மிஸ். மூணு டன்னுக்கு மேல போகக் கூடாதுன்னு போர்டு போட்டு பஸ்ஸ இந்தப் பக்கமே நிப்பாட்டிட்டீங்க. பிள்ளைங்க ரெண்டு கட்டை தூரம் நடக்குதுங்க. ஒங்களுக்குப் பழசு வேணும்னா, எங்களுக்குப் பஸ் வேணும்."

அந்தப் போர்டைப் போட்டதே றிஸ்மியாதான். ஜீப்பில் ஏறினாள்.

இரண்டு கிழமை கழித்துக் கந்தோரின் பெரிய எஞ்சினியர் படிவத்தைத் திருப்பி அனுப்பினார். அவர் சிங்களத்தில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: தகடு மட்டும் போதாது, கட்டிய வருஷத்துக்கு இன்னொரு சான்று வேண்டும்.

கந்தோரின் பழைய பாலப் பதிவேட்டில் 14/3க்கு நேரே '1925க்கு முன்' என்று மட்டுமே இருந்தது. 1887உம் 1925க்கு முன்தானே என்று முதலில் ஆறுதல் வந்தது. பிறகு, தகட்டில் இவ்வளவு பெரிதாக வருஷம் இருக்கும்போது அந்தக் காலத்து எழுத்தர் ஏன் 'முன்' என்று பொதுவாக எழுத வேண்டும் என்ற கேள்வி வந்தது. தகட்டின் பின்பக்கம் வார்ப்பாலையின் அடையாளம் ஏதாவது இருக்கலாம். கழற்றிப் பார்ப்போம் என்று றெக்சனையும் கூட்டிக்கொண்டு மறுபடியும் போனாள்.

துருப்பிடித்த போல்ட்டாக இருக்கும், அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று நினைத்துப் போனார்கள். ஸ்பேனர் வைத்ததும் கறுமுறு என்று சுழன்று வந்துவிட்டது. றெக்சன் ஒரு போல்ட்டை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"மிஸ், இது பழைய காலத்துச் சாமான் இல்ல. நம்ம ஸ்டோர்ல கெடக்குற அதே சைஸ்."

அலவாங்கால் நெம்பித் தகட்டை இறக்கினார்கள். அது இருந்த இடத்தில் தூண் வெறும் இரும்பாக இருக்கவில்லை. பளிச்சென்று பச்சைப் பெயின்ட். வெயிலும் மழையும் படாமல் நேற்று அடித்தது போல இருந்தது. றிஸ்மியா அதைத் தொட்டுப் பார்த்தாள். பாலம் கட்டும்போதே வைத்த தகட்டுக்குப் பின்னால் பெயின்ட் எப்படிப் போகும்? முதலில் பெயின்ட் அடித்து, பிறகுதான் இந்தத் தகட்டைப் பூட்டியிருக்கிறார்கள்.

தகட்டைத் திருப்பினால், பின்பக்கம் வெள்ளைப் பெயின்டில் யாரோ தூரிகையால் எழுதியிருந்தது: 31/1, பல்லேகம.

"அப்ப இது அங்க உள்ளதா?" என்றார் றெக்சன்.

"அங்க உள்ளது இங்க என்னத்துக்கு வருது?"

பல்லேகமைக்குப் போய்வர ஒரு முழு நாள் போனது. லக்கலைப் பக்கம் நாலு மணிக்குப் பிறகு வீதியில் யானை இறங்கும் என்று சாரதி காலையிலிருந்தே அவசரப்படுத்தினார். 31/1 இருந்த இடத்தில் ஒரு சாதாரணக் கொங்கிறீட் பாலம். பக்கத்தில் காட்டுக்கொடி மூடிக் கிடந்த பழைய கற்கட்டின் அடி மட்டும் தெரிந்தது. வயலில் நின்ற ஒருவர், இரும்புப் பாலம் ஒன்று இருந்தது உண்மைதான், தொண்ணூறுகளில் அதைக் கழற்றி லொறியில் மாத்தளைக்கு ஏற்றிப் போனார்கள் என்று சிங்களத்தில் சொன்னார். தகட்டின் படத்தை ஃபோனில் காட்டினாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இருந்திருக்கலாம்" என்றார். அதற்கு மேல் அவரிடம் ஒன்றுமில்லை.

ஆக, பல்லேகமைத் தகடு எப்படியோ மாத்தளைக் களஞ்சியத்துக்கு வந்து, அங்கிருந்து ஹுணுகலைப் பாலத்தில் ஏறியிருக்கிறது. யார் ஏற்றியது? எப்போது? பச்சைப் பெயின்ட் அடித்த வருஷம் தெரிந்தால் அதுவும் தெரியும். ஒவ்வொரு வேலையையும் அளந்து எழுதி வைக்கிற அளவுப் புத்தகங்கள் கந்தோரின் பின்னறையில், கறையான் தின்றது போக மிச்சம், அலுமாரிகளில் அடுக்கிக் கிடந்தன. மூன்று நாள் தும்மிக்கொண்டே தேடினாள். கண்டுபிடித்து, இந்தப் புண்ணியவான் யார் என்று எஞ்சினியரிடம் காட்ட வேண்டும் என்று உள்ளுக்குள் கொஞ்சம் ஆத்திரமும் இருந்தது.

மூன்றாம் நாள் பகல் பதினொரு மணியளவில் அந்தப் பக்கம் அகப்பட்டது. 2004 டிசம்பர் 23. பாலம் 14/3. சுரண்டிப் பச்சைப் பெயின்ட் அடித்த அளவுகள். கடைசி வரி இங்கிலீஷில். தமிழில் சொன்னால்: 'பழைய இரும்புத் தகடு ஒன்று, களஞ்சியத்திலிருந்து. துப்புரவாக்கி, புதிதாக இரண்டு ஓட்டை போட்டுப் பொருத்தியது.'

கையெழுத்தைப் பார்த்தாள். ஏழின் வயிற்றில் குறுக்கே ஒரு சிறு கோடு. அந்தக் காலத்தில் 7ஐ அவள் அப்படித்தான் எழுதுவாள். கீழே இருந்த கையொப்பம், வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஸ்டைலாக இருக்கட்டும் என்று அவளே பழகி எடுத்தது.

அங்கிருந்த உடைந்த மர வாங்கில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. இரும்புத் தகடு, இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டிய பாரம். துளை போடுகிற இயந்திரத்தின் சத்தம் காதைக் கிழித்திருக்கும். யார் கூட வந்தது, யார் சொல்லிச் செய்தது, ஏன் செய்தது? கண்ணை இறுக்கி மூடிப் பார்த்தாள். இருட்டுத்தான் தெரிந்தது.

வீட்டில் அன்ஸாபிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. "வேற யாராச்சும் ஒன்ட சைன் வச்சிருப்பாங்க."

"என்ட கையெழுத்து எனக்குத் தெரியாதா? நான்தான். ஆனா நான் செய்யல்ல. செஞ்ச மாதிரி ஒரு எண்ணமே இல்ல."

அவர் திகதியைக் கேட்டார். சொன்னாள். அவர் விரலில் நாள் எண்ணிவிட்டு, "அடுத்த ஞாயித்துக்கெழமதானே சுனாமி?" என்றார்.

ஆமாம். டிசம்பர் இருபத்தாறு. மூன்றாம் நாளே மாத்தளைக் கந்தோரிலிருந்து ஒரு லொறி ஆட்களைத் திருகோணமலைக்கு அனுப்பினார்கள், அறுந்துபோன வீதிகளைத் திறந்துவிட. இருபத்து மூன்று வயதுகூட நிறையாத றிஸ்மியாவும் போனாள். அங்கே பார்த்ததில் ஒரு துண்டுகூட அவளுக்கு மறக்கவில்லை. எந்த வளைவில் எந்தக் கதவு கிடந்தது என்று இப்போதும் சொல்வாள். அதற்கு முந்தின கிழமை எங்கே போனது என்றுதான் தெரியவில்லை. சுனாமி அடித்துக்கொண்டு போய்விட்டது என்று அன்ஸாப் சொன்னார். அப்படியும் இருக்கலாம். அவ்வளவு பெரிய காரணம் இல்லாமல், அது மறந்துபோகிற அளவுக்குச் சின்ன வேலையாகவும் இருந்திருக்கலாம். தூணில் வெற்று இடம் ஒன்றைக் கண்டிருப்பாள், களஞ்சியத்தில் அளவுக்கு ஏறக்குறைய ஒரு தகடு கிடந்திருக்கும், அழகாக இருக்கட்டும் என்று மாட்டியிருப்பாள். இருபத்திரண்டு வயதுக்காரி செய்யக்கூடியதுதான். ஆனாலும் அந்தப் பெண்ணை அவளால் நினைவில் பிடிக்க முடியவில்லை.

புள்ளியைத் திரும்பப் போட்டாள். வயதுக்கு இருபத்தைந்து போய்ப் பத்தானது. மூலத் தன்மையிலும் வெட்டு. மொத்தம் நாற்பத்தேழு. அதே பாலம், அதே படிவம், அதே ஆள். ஓயா ஓடிக்கொண்டேதான் இருந்தது.

பெரிய எஞ்சினியரிடம் அளவுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டார்.

"றிஸ்மியா, இத வேற யாரும் பார்த்தாங்களா?"

"இல்ல சேர்."

"அப்ப நீங்களா சொல்லாட்டி யாருக்கும் தெரியாது."

"தெரியாது சேர்."

"சொன்னா பாலம் போயிடும். சொல்லாட்டிப் பொய் நிலைச்சிடும்." அளவுப் புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினார். தனக்கு அடுத்த வருஷம் ஓய்வு, இந்தத் தலையிடி எதற்கு என்ற பார்வை. "ரெண்டையும் எழுதுங்க. அறுபத்தெட்டு, நாப்பத்தேழு. புத்தகத்தையும் கொப்பி எடுத்து இதோட சேர்த்துக் கட்டுங்க. கொழும்பு பார்த்துக்கட்டும்."

படிவத்தில் புள்ளிக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. நடுவில் ஒரு கோடு கீறி இரண்டையும் எழுதினாள்.

ஊருக்குச் சொல்லாமல் அனுப்புவது அவளுக்குச் சரியாகப் படவில்லை. அடுத்த நாள் பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு மஹ்ரூப் நானாவின் கடைக்குப் போனாள். தகட்டைத் தான் மாட்டியதை ஆதியோடந்தமாகச் சொன்னாள். மஹ்ரூப் தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்தினார்.

"நீங்க எந்த வருஷம் செல்றீங்க?"

"ரெண்டாயிரத்து நாலு."

"மிஸ், கோவிச்சிக்க வாணாம். பொய். நான் சின்னதுல அந்தத் தகட்டத் தடவித் தடவித்தான் எண்ணு படிச்சது. குர்ஆன் ஓதப் போற நேரம் ஒவ்வொரு நாளும் அதுல கை வச்சிட்டுத்தான் போறது. எட்டு ரெண்டு தரம் வரும், அது எனக்கு ஆசை. இப்பவும் இந்த விரல்ல ஈக்கு." வலது கைச் சுட்டுவிரலை அவள் முன் நீட்டினார்.

"நானா, என்ட கையெழுத்துல இருக்கு. இந்தாங்க." ஃபோனில் எடுத்த படத்தைக் காட்டினாள்.

"இங்கிலீஷு எனக்கு வாராது. என்ட விரல் பொய் செல்லாது."

றிஸ்மியா பாலத்துக்கு நடந்தாள். ஆறு ஓட்டை. இரண்டை அவள் போட்டாள் என்று புத்தகம் சொல்கிறது. அப்படியானால் பழைய ஓட்டை நான்கு. நான்கு ஓட்டை சும்மா யாரும் போட மாட்டார்கள். முந்தி ஒரு தகடு இருந்துதான் இருக்கிறது. மஹ்ரூப் நானா சின்ன வயதில் தொட்டது அதையாக இருக்கலாம். அதில் என்ன வருஷம் இருந்தது? எட்டு இரண்டு தரம் வருகிற வருஷமா? அல்லது வேறு வருஷத்தைத் தொட்ட விரலில், இருபத்தொரு வருஷமாகக் கண்ணால் பார்த்த 1887 வந்து ஏறிக்கொண்டதா? அந்தத் தகடு எங்கே? ஓயாவுக்குள்ளா, இரும்புக் கடையிலா? திரும்பி வந்து, "அதுல எட்டு ரெண்டு தரம் இருந்தது நிச்சயமா நானா?" என்று கேட்டாள்.

மஹ்ரூப் தன் சுட்டுவிரலைத் திருப்பிப் பார்த்தார். "நேத்து வரைக்கும் நிச்சயம்" என்றார்.

அன்று அவர் காசு வாங்கிக்கொண்டார்.

மார்ஜரிக்கு நல்ல செய்தி என்று நினைத்து, பாலம் உடைபடக்கூடும் என்று றெக்சன் லயத்தில் போய்ச் சொன்னார். மறுநாள் மார்ஜரியே யட்டவத்தை வரை பஸ் ஏறி வந்து, அங்கே வேலையில் நின்ற றிஸ்மியாவைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ், ஒடைக்க வேணாம்னு எழுதிடுங்க."

"அன்னைக்கு விழணும்னு சொன்னீங்களே அக்கா?"

"சொன்னேன்தான். புதுப் பாலத்துக்கு அளந்து கொடி நட்டுட்டுப் போயிருக்காங்க. எங்க லயத்துல கடைசி நாலு காம்பரா மேலதான் ரோட்டு வருதாம். என் காம்பராவும் அதுல." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஆனா பஸ்ஸும் வேணும். நீங்க படிச்சவங்க, ஏதாச்சும் பாருங்க."

ஒரு மாதம் கழித்துக் குழு வந்தது. ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவரும் இரண்டு கட்டிடக் கலைஞர்களும். பேராசிரியை எழுபது வயதிலும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஓயாவுக்குள் இறங்கினார். கேடரின் அடிப்பக்கத்தைச் சுரண்டச் சொல்லி அதிலிருந்த ஆலை எழுத்துகளைப் படம் எடுத்தார். கற்கட்டின் சாந்தைக் கிள்ளி ஒரு சிறு பையில் போட்டார். பிறகு கடையில் வந்து உட்கார்ந்து எல்லாரையும் கேட்டார். மஹ்ரூப் நானா விரலைக் காட்டிச் சொன்னார். மார்ஜரி லயத்தையும் பஸ்ஸையும் சொன்னாள். றிஸ்மியா அளவுப் புத்தகத்தை மேசையில் வைத்து, "நான்தான் மாட்டியிருக்கேன். எனக்கு ஞாபகமில்ல" என்றாள். தான் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறாளா, சாட்சிக் கூண்டில் நிற்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. பேராசிரியை திட்டவுமில்லை, ஆறுதல் சொல்லவுமில்லை. எல்லாவற்றையும் ஒரே மாதிரி எழுதிக்கொண்டார்.

முடிவு வர இரண்டு மாதமானது. கடிதத்தை எஞ்சினியரும் றிஸ்மியாவும் மூன்று தரம் வாசித்தார்கள். கற்கட்டு 1887ஐ விடவும் பழையதாக இருக்கக்கூடும். கேடர்கள் அதற்கு மிகவும் பிந்தியவை. தகடு வேறு பாலத்துடையது. ஒரு கிராமப் பாலம் எப்படித் துண்டு துண்டாகப் பழுது பார்க்கப்பட்டு வந்தது என்பதற்கு எழுத்துச் சான்றோடு கிடைத்த பாலம் மாவட்டத்தில் இது ஒன்றுதான் என்பதால் அறுபத்து மூன்று புள்ளி. நடக்கவும் த்ரீவீலர் போகவும் பழைய பாலம் இருக்கட்டும். பஸ்ஸுக்கான பாலத்தை லயத்தைத் தொடாமல் கீழே தள்ளிக் கட்டலாமா என்று பார்க்கவும். தகட்டை இருந்த இடத்திலேயே மறுபடி பூட்டி, பக்கத்தில் மூன்று மொழியிலும் ஒரு விளக்கப் பலகை வைக்கவும்.

"எழுத்துச் சான்றுன்னா ஒங்க புத்தகம்தான்" என்றார் எஞ்சினியர்.

"நான் செஞ்ச பிழைக்கா சேர் புள்ளி குடுத்திருக்காங்க?"

"பிழைக்கா, அத எழுதி வச்சதுக்கா, தெரியாது." அவர் கடிதத்தை மடித்தார். "ரெண்டும் நீங்கதானே."

அவளுக்குச் சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று பிடிபடவில்லை. பஸ் பாலத்தைத் தள்ளிக் கட்டலாமா என்று பார்க்கிற வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. மார்ஜரியின் காம்பராவுக்குப் பக்கத்தில் நட்ட சிவப்புக் கொடியை யாரும் பிடுங்கவுமில்லை.

பலகைக்கு வாசகம் எழுதுகிற வேலை அவள் தலையில்தான் விழுந்தது. 'இந்தப் பாலம் கட்டப்பட்ட ஆண்டு தெரியவில்லை. இந்தத் தகடு பல்லேகம வீதியில் இருந்த வேறொரு பாலத்துடையது. 2004இல் இங்கே பொருத்தப்பட்டது.' யார் பொருத்தியது என்று தன் பெயரையும் எழுதியிருந்தாள். எஞ்சினியர் அதை மட்டும் வெட்டினார். அச்சடிக்கக் கொடுக்குமுன் மஹ்ரூப் நானாவிடம் வாசித்துக் காட்டினாள்.

"எல்லாம் சரி. நான் தடவின தகடு இதுல இல்லியே" என்றார்.

அவள் பேனையை எடுத்து நாலாவது வரியாகச் சேர்த்தாள்: 'இதற்கு முன் இங்கே வேறொரு தகடு இருந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று தெரியவில்லை.'

மஹ்ரூப் அதை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "கடைப் பேர மாத்தணுமா?"

"எனக்குத் தெரியல்ல நானா."

"எனக்கும் தெரியல்ல" என்றார். கடைப் பெயர் அப்படியேதான் இருக்கிறது.

அதோடு முடிந்திருக்க வேண்டும். றிஸ்மியாவுக்கு முடியவில்லை. பின்னறையில் அவள் கையெழுத்தில் முப்பதுக்கு மேற்பட்ட அளவுப் புத்தகங்கள் இருந்தன. ஒரு பாலத்தில் தான் செய்ததே தெரியாதென்றால் மற்றவற்றில் என்ன செய்திருப்பாள்? சனிக்கிழமைகளில் ஒவ்வொன்றாக எடுத்து வாசிக்கத் தொடங்கினாள். பாதி வேலை நினைவில் இருந்தது. மீதியில் பல, வேறு யாரோ செய்தது போலக் கிடந்தன.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை அன்ஸாபின் வேனில் இரண்டு பேரும் லக்கலைப் பக்கம் ஒரு சின்னக் கல் மதகைப் பார்க்கப் போனார்கள். 2006இல் அதன் மேற்குப் பக்கச் சுவரில் மூன்று கல்லை மாற்றியதாக எழுதியிருந்தது. றிஸ்மியா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கினாள். டோர்ச் அடித்துப் பார்த்தாள். மூன்று கல்லும் இருந்தன. மற்றவற்றை விட நிறம் கொஞ்சம் வெளிர், செதுக்கும் வேறு.

"ஞாபகம் வருதா?" என்று மேலிருந்து அன்ஸாப் கேட்டார்.

"இல்ல."

"யானை வாற நேரமாகுது. போவோமா?"

"கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லி, நாடாவின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி அவரிடம் நீட்டினாள்.